ஒர்க்‌ஷாப்பில் விட்ட வண்டிக்குச் சேதம் வந்தால்: இழப்பீடு வாங்கும் வழி, படிப்படியாக

ஏசி கூலிங் குறைகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி சரியாகித்தான் வந்தது. ஆனால் பின் பம்பரின் இடது மூலையில் புது பெயிண்ட் வாசனை. டிக்கி ஓரத்து ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் தூறல். டெயில் லேம்ப் ஒரு பக்கம் மஞ்சளேறிய பழசு, மறுபக்கம் பளிச்சென்று புதுசு. ஓடோமீட்டரில் நான் விட்டபோது இருந்ததைவிட 47 கிலோமீட்டர் கூடுதல். கேட்டதற்கு, "வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்று பதில் வந்தது.

பணம் கடைசியில் கைக்கு வந்தது. எந்தத் தாளை எப்போது கேட்பது, எங்கே கையெழுத்துப் போடாமல் இருப்பது, யாருக்கு எழுதுவது என்பதை ஒவ்வொரு மேசையாகப் போய் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கார், பைக்கை வைத்துச் சொல்கிறேன். செல்போன், லேப்டாப், வாஷிங் மெஷின், ட்ரை கிளீனிங்குக்குக் கொடுத்த பட்டுப்புடவை எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சட்டம் இதேதான்.

1. கடைக்காரரின் பொறுப்பு எதுவரை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல், ஒரு வேலைக்காகப் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதற்கென்றே 148-ஆம் பிரிவு முதல் தனி அத்தியாயம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாவியைக் கொடுத்தீர்கள், அவர் வாங்கிக்கொண்டார், அது போதும். நமக்கு வேண்டியவை நான்கு பிரிவுகள்.

பிரிவு 151: சராசரி விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிவு 152: அப்படிப் பார்த்துக்கொண்ட பிறகும் சேதம் வந்தால், தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, அவர் பொறுப்பல்ல. பிரிவு 154: எதற்காகக் கொடுத்தீர்களோ அதைத் தாண்டிப் பயன்படுத்தும்போது சேதமானால், அவர் கவனமாக இருந்தாரா என்ற கேள்வியே வராது, இழப்பைக் கொடுத்தாக வேண்டும். பிரிவு 161: உரிய நேரத்தில் திருப்பித் தராமல் வைத்திருந்தால், அதற்குப் பிறகு வரும் சேதம் அவர் தலையில்.

154-ஐத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஏசி வேலைக்கு விட்ட வண்டியை டிரையல் பார்க்க நாலைந்து கிலோமீட்டர் ஓட்டலாம். 47 கிலோமீட்டர் டிரையல் கிடையாது. யாரோ சொந்த வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். என் வழக்குக்கு உயிர் கொடுத்தது இந்த ஓடோமீட்டர் கணக்குதான்.

"வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்ற போர்டைக் காட்டினால் பயந்துவிடாதீர்கள். டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில் 1998-இல் வேலட் பார்க்கிங்குக்குக் கொடுத்த மாருதி ஜென் காணாமல் போனது. பார்க்கிங் சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி அச்சடித்துவிட்டுத் தன் ஊழியர்களின் அலட்சியத்திலிருந்து ஓட்டல் தப்பிக்க முடியாது என்றது. தன்னிடம் ஒப்படைத்த பொருளுக்கு என்ன ஆனது, தான் என்ன கவனம் எடுத்தோம் என்பதை முதலில் விளக்க வேண்டியது பொருளை வாங்கி வைத்திருந்தவர்தான் என்றும் சொன்னது. அது ஓட்டல் வழக்கு என்றாலும், ஒப்படைத்த பொருள் பற்றிய சட்டம் ஒன்றே. கடிதம் எழுதும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

ஆக, "எப்படி உடைந்தது" என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. "விடும்போது நன்றாக இருந்தது, எடுக்கும்போது இல்லை" என்பதைக் காட்டினால் போதும். அதைக் காட்டுவதற்கு வேண்டிய வேலை முழுவதும் அடுத்த இரண்டு படிகளில் முடிந்துவிடுகிறது.

2. வண்டியை விடும்போது: ஜாப் கார்டும் இரண்டு நிமிட வீடியோவும்

பெரிய சர்வீஸ் சென்டர் என்றால் ஜாப் கார்டு போடுவார்கள். அதில் காரின் படம் ஒன்று இருக்கும், கீறல், நெளிவு இருக்கும் இடத்தில் வட்டம் போடுவதற்காக. சர்வீஸ் அட்வைசர் அவசரத்தில் அதை வெறுமனே விட்டுவிடுவார், அல்லது நான்கு மூலையிலும் பெருக்கல் குறி போட்டு "எல்லா இடத்துலயும் கீறல்" என்று எழுதிவிடுவார். இரண்டாவதுதான் ஆபத்து. பின்னால் எது உடைந்தாலும் அந்தப் பெருக்கல் குறியைக் காட்டுவார்கள். கூடவே நின்று, உண்மையில் இருக்கும் கீறலை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே கையெழுத்து.

ஜாப் கார்டில் இருந்தே ஆக வேண்டியவை: ஓடோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு, செய்ய வேண்டிய வேலை, எஸ்டிமேட் தொகை, திருப்பித் தரும் தேதி. தேதி இல்லாவிட்டால் பிரிவு 161-ஐப் பிடித்துப் பேசுவது கஷ்டம். நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். "சிஸ்டத்துல இருக்கு சார்" என்றால் அங்கேயே திரையைப் போட்டோ எடுங்கள்.

வீடியோ எடுக்கும்போது வண்டியை ஒரு சுற்று சுற்றி, நம்பர் பிளேட்டில் தொடங்கி ஓடோமீட்டரில் முடியுங்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயர்ப் பலகை ஒரு கணமாவது தெரியட்டும். அதை அங்கிருந்தே அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் இரு பக்கமும் பதிவாகிவிடும்.

தெருமுனை மெக்கானிக் ஜாப் கார்டு போட மாட்டார். அவரிடம் கேட்டு மனஸ்தாபம் ஆக்கிக்கொள்ள வேண்டாம். "அண்ணே, வண்டி விட்டுட்டேன். 32,140 கி.மீ. ஓடியிருக்கு. செயின் செட் மாத்தணும், 2,400 ரூபாய் சொன்னீங்க, சனிக்கிழமை தர்றதா சொன்னீங்க" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் "சரி தம்பி" என்று பதில் போட்டால் அதுவே ஜாப் கார்டு.

பணம், நகை, லேப்டாப், அசல் ஆவணங்கள் எதையும் வண்டிக்குள் விடாதீர்கள். வண்டியைத்தான் ஒப்படைத்தீர்கள், டாஷ்போர்டுக்குள் இருந்த மோதிரத்தை ஒப்படைத்ததாக நிறுவுவது மிகவும் கடினம். போன், லேப்டாப் என்றால் ஐஎம்இஐ அல்லது சீரியல் எண்ணை ரசீதில் எழுத வையுங்கள், தகவல்களைப் பேக்கப் எடுத்துவிட்டுக் கொடுங்கள். கருவி கெட்டதற்குத் தொகை போட முடியும். அழிந்துபோன படங்களுக்கு விலை போட்டு வாங்குவது நடக்கிற காரியமில்லை.

3. எடுக்கும்போது: கையெழுத்துக்கு முன் பார்வை

பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு, வாட்டர் வாஷ் ஈரம் காயாத வண்டியில் கீறல் தெரியாது. ஓடோமீட்டரை ஜாப் கார்டோடு ஒப்பிடுங்கள். கதவு இடுக்கு, ரப்பர் பீடிங், விளக்கு விளிம்பு, பம்பர் பாடியோடு சேரும் கோடு ஆகிய இடங்களில் விரல் வைத்துப் பாருங்கள். மறைத்துச் செய்த டிங்கரிங், பெயிண்டிங் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

டெலிவரிக்கு முன் ஒரு தாளை நீட்டுவார்கள். "வாகனத்தை நல்ல நிலையில், முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் இருக்கும். சேதம் கண்ணில் பட்டுவிட்டால் அதில் வெறும் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட எழுதுங்கள்: "பின் பம்பர் இடது மூலை மறுபெயிண்ட் செய்யப்பட்டுள்ளது. இடது டெயில் லேம்ப் மாற்றப்பட்டுள்ளது. ஓடோமீட்டர் 47 கி.மீ. கூடுதல். எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. என் உரிமைகளைக் கைவிடாமல் வண்டியைப் பெறுகிறேன்." எழுத விடவில்லை என்றால் அதே வாசகத்தை அங்கே நின்றபடியே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

சிசிடிவி பதிவு வேண்டும் என்று அன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் பழைய பதிவு தானாக அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும். நீங்கள் கேட்ட பிறகும் அழிந்துவிட்டது என்று சொன்னால், அது அவர்களுக்கே பாதகமான விஷயம்.

வண்டி ரெடி என்று சொன்ன பிறகு வாரக்கணக்கில் போடுவதும் தவறு. அதன்பின் வரும் சேதத்துக்கு அவர்களுடைய பொறுப்பு இளகத் தொடங்கிவிடும்.

4. பில்லைக் கட்டுவதா வேண்டாமா

"முதல்ல பில்லைக் கட்டுங்க, அப்புறம்தான் வண்டி" என்பார்கள். இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. செய்து முடித்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு கொடுக்கிறது. அந்த வேலைக்கான தொகைக்கு மட்டும்தான் அது பொருந்தும். உடைத்ததைச் சரிசெய்த செலவையோ பழைய பாக்கியையோ சொல்லிப் பிடித்து வைக்க முடியாது.

சண்டை போட்டுக்கொண்டு வண்டியை அங்கேயே விட்டுவருவதைவிட, கட்டிவிட்டு எடுத்துவருவது நல்லது. யுபிஐ அல்லது கார்டில் கட்டுங்கள், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று மெசேஜ் போடுங்கள், ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இந்தப் பில்தான் நுழைவுச் சீட்டு. இலவசமாகச் செய்து தந்த வேலை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதனால் "பில் வேணாம், வேலைக்குக் காசும் வேணாம், விஷயத்தை இதோட விட்டுடுங்க" என்று சொன்னால் யோசித்துத் தலையாட்டுங்கள்.

5. "இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார்" என்ற வலை

தவறு தங்களுடையது என்று தெரிந்ததும் அவர்கள் முதலில் நீட்டுவது இதுதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நஷ்டம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

முதலில் நோ கிளெய்ம் போனஸ் போகும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம்வரை தள்ளுபடி. அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 5,000 மிச்சம். ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்ஜியத்துக்கு இறங்கி, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். அடுத்து கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை: 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு வேறு.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, கிளெய்ம் படிவத்தில் யார் ஓட்டினார், எங்கே இடித்தது என்ற கட்டத்தில் உங்கள் பெயரையும் ஏதோ ஒரு தெருவையும் எழுதச் சொல்வது. அதில் கையெழுத்துப் போட்டால் பொய்த் தகவல் கொடுத்தவர் நீங்கள். கிளெய்ம் தள்ளுபடியாகலாம். ஒர்க்‌ஷாப் மேல் பிறகு கேஸ் போடவும் வழியிருக்காது, ஏனென்றால் நீங்களே இடித்ததாக எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

சேதம் பெரிதாக இருந்தால் இன்ஷூரன்ஸ் தேவைப்படலாம். அப்போது நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: "ஒர்க்‌ஷாப் வசம் இருந்தபோது." நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஒர்க்‌ஷாப்பிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வண்டி திருடுபோனாலும், டிரையலில் யார் மேலாவது மோதினாலும் அன்றைக்கே போலீஸ் புகாரும் இன்ஷூரன்ஸ் தகவலும் அவசியம். மோதலில் அடிபட்டவர் வழக்குப் போட்டால் ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவருக்கும் நோட்டீஸ் வரும். ஓட்டிய ஊழியரின் லைசென்ஸ் நகலை உடனே வாங்கி வையுங்கள்.

வெள்ளம் வேறு கணக்கு. எதிர்பாராத வெள்ளத்தில் மூழ்கினால் 152-ஆம் பிரிவைக் காட்டித் தப்பிக்க அவர்களுக்கு வாய்ப்பு அதிகம். மழை எச்சரிக்கை வந்த பிறகும் தாழ்வான ஷெட்டில் வண்டியை நிறுத்தியிருந்தால் அது கவனக்குறைவு என்று வாதிடலாம். 2015, 2023 டிசம்பர்களைப் பார்த்த சென்னையில் "எதிர்பார்க்கவில்லை" என்று எல்லோரும் சொல்லிவிட முடியாது.

6. சேதத்துக்கு விலை போடுங்கள்

கோபத்தில் உடனே வேறு இடத்தில் கொடுத்துச் சரிசெய்துவிடாதீர்கள். சரிசெய்துவிட்டால் சாட்சியமும் சரியாகிவிடும். முதலில் அந்தக் கடையோடு சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். அதில் தொகை மட்டும் இருந்தால் போதாது. "மோதலால் ஏற்பட்ட சேதம், அண்மையில் பெயிண்ட் செய்யப்பட்டுள்ளது" என்ற கருத்தும் சீல், கையெழுத்தோடு வேண்டும். எல்லா மெக்கானிக்கும் இதை எழுதித் தர மாட்டார்கள், ஒரே தொழிலில் இருப்பவர்கள் தயங்குவார்கள். தொகை பெரிது என்றால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ உரிமம் பெற்ற, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒருவரிடம் தனியாகக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் அதற்கு மதிப்பு அதிகம். கார் இல்லாத நாட்களின் டாக்ஸி பில்களையும் சேர்த்து வையுங்கள்.

7. கடிதம்: சுருக்கமாக, தேதியோடு

வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை. நீங்களே எழுதலாம். ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியில் எந்த வேலைக்கு விட்டீர்கள், ஜாப் கார்டு எண், எடுத்த தேதி, கண்ட சேதம், எஸ்டிமேட் தொகை, ஒப்பந்தச் சட்டம் 151, 154 பிரிவுகள், 15 நாள் கெடு. வசவு, மிரட்டல் ஒரு வார்த்தைகூட வேண்டாம், இந்தக் கடிதம் பிறகு நீதிபதி கைக்குப் போகும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் என்றால் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். டீலரின் தவறுக்கு நிறுவனம் பொறுப்பேற்க மறுப்பது வழக்கம்தான், ஆனால் மேலிருந்து ஒரு போன் வந்தால் டீலரின் பேச்சு மாறும்.

சமரசத்துக்கு வந்தால் பேசுங்கள். தொகையைக் கையில் வாங்கும் முன் "முழுத் தீர்வு" என்று எதிலும் கையெழுத்து வேண்டாம். அடுத்த சர்வீசில் தள்ளுபடி தருகிறோம் என்பதை நான் ஏற்க மாட்டேன். உடைத்த கையிலேயே மறுபடி வண்டியைக் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு அது.

8. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915

இலவசம், தமிழிலும் பேசலாம். புகார் எண் தருவார்கள், நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெரிய நிறுவனங்களிடம் பலன் உண்டு, தெருமுனைக் கடையிடம் எதிர்பார்க்க வேண்டாம். இதற்காகக் காத்திருந்து ஆணையத்துக்கான கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

9. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

கட்டணத்தைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கட்டணம் கணக்கிடுவதில்லை. சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகைதான் கணக்கு. சர்வீஸ் பில் 5 லட்சம்வரை இருந்தால் கட்டணமே கிடையாது. 50 லட்சம்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். எனவே வண்டி ரிப்பேர் வழக்கு கிட்டத்தட்ட எல்லாமே கட்டணமில்லாத வழக்குதான். வண்டி கம்பெனி பெயரில் இருந்தால் 'வணிக நோக்கம்' என்ற ஆட்சேபம் வரும், அதற்கு மட்டும் ஒரு வழக்கறிஞரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் போடலாம், 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. நேரிலும் கொடுக்கலாம். கோப்பில் இருக்க வேண்டியவை: தேதிவாரிச் சுருக்கம், புகார் மனு, பிரமாணப் பத்திரம், ஜாப் கார்டு, பில், பணம் கட்டிய ஆதாரம், விடும்போதும் எடுக்கும்போதும் எடுத்த படங்கள், எஸ்டிமேட் அல்லது சர்வேயர் அறிக்கை, கடிதமும் தபால் ரசீதும், ஆர்.சி., ஆதார் நகல். வாட்ஸ்அப், வீடியோ ஆதாரங்களுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023 (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழை இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பின் ஒரு ஆட்சேபம் குறையும். அந்த வீடியோ எடுத்த போனை மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள்.

எவ்வளவு கேட்பது? ரிப்பேர் செலவு, டாக்ஸி செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று தனித்தனியாக எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் ரூபாய் ரூபாயாக ஆதாரம் காட்டுங்கள். 18,000 ரூபாய் பம்பருக்கு மன உளைச்சல் பத்து லட்சம் என்று எழுதினால் மனுவின் மதிப்புதான் குறையும்.

வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மனுவை ஏற்பதா என்பதை 21 நாளில் முடிவு செய்ய வேண்டும். நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. 46-ஆவது நாளில் பதில் மனுவோடு வந்தால் எழுந்து நின்று ஆட்சேபியுங்கள். சட்டப்படி வழக்கு மூன்று மாதத்தில் முடிய வேண்டும். நடைமுறையில் ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காணொளி மூலம் ஆஜராக மனுச் செய்ய முடியும். இடையில் சமரச மையத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டால் சம்மதியுங்கள். சின்னத் தொகை வழக்குகளுக்கு அது நல்ல வழி, எனக்குப் பணம் வந்ததும் அந்த மேசையில்தான்.

10. உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் நகலைச் சரிபாருங்கள்: தொகை, வட்டி, எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்பது மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று. மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள். ஒர்க்‌ஷாப் மேல்முறையீடு செய்வதானால் தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும், அதனால் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. கெடு தாண்டியும் பணம் வராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 71 சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே வசூலிக்க வழி செய்கிறது. பிரிவு 72-இன்கீழ் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 71, 72 இரண்டு பிரிவுகளின் மனுவையும் ஒன்றாகவே தாக்கல் செய்யுங்கள். 72-இன் நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்கே போக வேண்டும் என்பதால், கடையின் பெயரோடு உரிமையாளர் பெயரையும் முதல் மனுவிலேயே சேர்த்திருக்க வேண்டும். அந்தப் பெயர் தெரியாவிட்டால் பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், சட்டப்படியான பெயர் அங்கே கிடைக்கும்.